மரத்தைச் சுற்றி ஒரு வெட்டு

என் தம்பிக்கு நான் வைத்திருக்கும் பெயர் அமுக்குணி. வீட்டுக்குள் மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவேன். வெளியில் அவனுக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது, அதை நான் கெடுப்பதில்லை. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அவன் வேலை. கடையின் பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. அதில் ஒரு மெஷின், மெஷினுக்குள் சுழலும் கல், கல்லின் மேல் விடாமல் சொட்டும் தண்ணீர். ஃபிரேமின் வளைவுக்குத் தகுந்தபடி லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, துடைத்து, உறையில் போடுவான். நாள் முழுவதும் வாயைத் திறக்கத் தேவையில்லை. அவனுக்கென்றே யாரோ உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த வேலை.

அவன் அக்கா நான், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மேற்பார்வை. அங்கே வாயைத் திறக்காமல் ஒரு நாளை ஓட்ட முடியாது. டிரையர்கள் போடும் இரைச்சலில் கத்திக் கத்தி என் தொண்டை ஒரு தினுசாகிவிட்டது, வீட்டுக்கு வந்தாலும் அதே குரல்தான். நான் உப்பை எடு என்று சொன்னால் எதிர்வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு ஓடி வருவார் என்று தம்பி ஒருமுறை சொன்னான். அவன் சொன்ன ஜோக் என்று எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவன் படித்துக்கொண்டிருந்தான், நான் அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தேன். அப்படியே இருந்துவிட்டோம். எனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பதற்குப் பின்னால் பெரிய சோகம் ஏதோ இருப்பதாக ஆளாளுக்கு நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு சோகமும் இல்லை. ஆகவில்லை, அவ்வளவுதான். அவனுக்கு ஏன் ஆகவில்லை என்று கேட்டால், அதற்கு யாராவது ஒருத்தியிடம் அவன் பேச வேண்டுமே. பேசாமலே நாற்பதைத் தாண்டிவிட்டான்.

அவன் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் ஸ்ப்ரூஸ் என்கிற ஒரு ஊசியிலை மரம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை செடிக்கடையிலிருந்து தொட்டியோடு இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தான். அப்போது அது முழங்கால் உயரம்.

"என்னடா இது, பாட்டில் கழுவுற பிரஷ் மாதிரி?" என்றேன்.

"நீல ஸ்ப்ரூஸ்" என்றான். அதோடு விளக்கம் முடிந்தது.

நீலம் என்றால் மை நீலம் இல்லை. பச்சை ஊசிகளின் மேல் மெல்லிசாக மாவு பூசினது போல ஒரு சாம்பல் பூச்சு இருக்கும். வெயில் பட்டால் அது நீலமாகத் தெரியும். வாசலுக்கும் தெரு வேலிக்கும் நடுவில் நல்ல வெயில் விழும் இடமாகப் பார்த்து நட்டான். தண்ணீர் தேங்காமலிருக்க மண்ணைக் கொஞ்சம் மேடாக்கினான். அடியைச் சுற்றி மரப்பட்டைத் துண்டுகளைப் பரப்பி, தண்டை மட்டும் தொடாமல் விரல் இடம் விட்டான். தண்ணீரை மேலே ஊற்ற விடமாட்டான். குழாயை அடியில் போட்டு, நூல் மாதிரித் திறந்துவிட்டு, மண் ஆழமாக ஊறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு நான் கிட்டே போனால் மட்டும் அவனுக்கு வாய் திறக்கும். பச்சை இல்லாத கட்டையில் வெட்டினால் அங்கே மறுபடி துளிர்க்காதாம், பொக்கை விழுந்த மாதிரியே கடைசிவரை நிற்குமாம்.

அது வளர்ந்த வேகம் இருக்கிறதே, அடேயப்பா. வருஷத்துக்கு ஒரு சாண் போனால் பெரிசு. குளிர் முடிந்ததும் ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு மொட்டு உப்பி, தலையில் பழுப்புத் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கும். தொப்பி விழுந்ததும் உள்ளேயிருந்து வெளிர்நீலத்தில் புது ஊசிகள் வரும். அந்தக் கொஞ்ச நாள் மட்டும் தொட்டால் மெத்தென்று இருக்கும், பிறகு குத்த ஆரம்பித்துவிடும். இப்படியே மெல்ல மெல்ல அது என் தோள் வரைக்கும் வந்துவிட்டது. எதிர்வீட்டு பஸ் டிரைவர், அதைப் பார்த்துக்கொண்டே போனால் ஸ்டாப்பைத் தவறவிட்டுவிடுவேன் போலிருக்கிறது என்பார். தம்பி அதற்கும் தலையைத்தான் ஆட்டுவான்.

கொஞ்ச காலமாக அவன் சாயங்காலங்களில் மரத்தின் பக்கத்தில் நின்று பேச ஆரம்பித்திருந்தான். கிளையைத் தூக்கிப் பார்ப்பான், ஏதோ முணுமுணுப்பான், சிரிப்பான். என்னோடு பேசாதவன் மரத்தோடு பேசுகிறானே என்று சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்து எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. வயசாகிறது, பாவம், ஏதாவது ஒன்றோடு பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெயில் தணிந்து காற்றில் முதல் குளிர் வந்த சமயம் அது. காலையில் நறுக் நறுக்கென்று சத்தம் கேட்டு வெளியே போனேன். தம்பி காம்பு நேராகப் பொருத்திய கூர்மையான மண்வெட்டி ஒன்றை மரத்திலிருந்து ஒரு கை தூரத்தில் செங்குத்தாக இறக்கி, காலால் மிதித்து அழுத்திக்கொண்டிருந்தான். எடுத்து, பக்கத்தில் நகர்த்தி, மறுபடி மிதித்தான். மரத்தைச் சுற்றி வட்டமாக ஒரு வெட்டு விழுந்துகொண்டிருந்தது.

"என்னடா, வேரை வெட்டிட்டியா?"

"கொஞ்சம்."

"நல்லா இருக்கிற மரத்தை எதுக்குடா நோண்டறே?"

"நல்லதுதான்."

கல்லுளிமங்கனிடம் அதற்கு மேல் என்ன கேட்பது? வெட்டு விழுந்த இடத்தில் மக்கிய உரத்தைப் போட்டு மூடினான், தண்ணீர் விட்டான், குளித்துவிட்டுச் சாப்பிட வந்தான். நானும் அது ஏதோ தண்ணீர் நிற்கப் பாத்தி கட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். குளிர்காலம் முழுக்க அந்த வட்டத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போய் வந்தேன்.

குளிர் முடிந்தபோது மரப்பட்டைத் துண்டுகள் மக்கிக் குறைந்திருந்தன. வேலையிலிருந்து வரும் வழியில் ஒரு மூட்டை வாங்கலாமே என்று செடிக்கடைக்குள் நுழைந்தேன். செடிக்கடைக்காரர் ரப்பர் பூட்ஸோடு நாற்றுகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். நல்ல மனிதர், ஆனால் செடியெல்லாம் தூங்குவது போலக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார். என் குரலைக் கேட்டதுமே முகம் சுருங்கும்.

"வாங்கம்மா. மரத்தை எங்கே கொண்டுபோறதா முடிவாச்சு?" என்றார்.

"எந்த மரம்?"

"ஸ்ப்ரூஸ்தான். தம்பி சுத்தி வெட்டி விட்டுட்டேன்னு சொன்னாரே. எவ்வளவு தள்ளி வெட்டணும்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். கட்டறதுக்குச் சாக்கு கூடச் சொல்லி வச்சிருக்கார்."

தெரியாததைத் தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. சலவைக்கூடத்தில் அது இல்லாமல் மேற்பார்வை பார்க்க முடியாது. "அதெல்லாம் பேசிட்டுதான் இருக்கோம்" என்றேன். "இந்த வட்டம்தான் எனக்குச் சரியாப் புரியல. அவன் பாதியை முழுங்கிட்டு மீதியைத்தான் சொல்லுவான், உங்களுக்குத் தெரியாததா?"

அவருக்குப் பிடித்த விஷயம். கையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "வேர் நாலா பக்கமும் தூரமா ஓடியிருக்கும்மா. திடீர்னு தோண்டி எடுத்தீங்கன்னா, தண்ணி குடிக்கிற வேரெல்லாம் மண்ணுலயே தங்கிடும். மரம் பட்டுப்போயிடும். அதனால எடுக்கறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே சுத்தி வெட்டி விட்டுடணும். உள்பக்கமா முடி முடியாப் புது வேர் விடும். அப்புறம் மண்ணோட உருண்டையா எடுத்துச் சாக்குல கட்டினா, எங்கே வேணும்னாலும் கொண்டுபோகலாம். தான் எடம் மாறினதே அதுக்குத் தெரியாது."

"அப்போ எப்ப எடுக்கலாம்?"

"இந்த வெயில் காலம் முடிஞ்சதும். ஆனா இந்த ஒரு கோடைக்குத் தண்ணி குறையவே கூடாது. வேரை இழந்த மரம் பாருங்க. பத்து நாள் காய விட்டா அவ்வளவுதான், கதை முடிஞ்சுது."

எவ்வளவு ஊற்ற வேண்டும், எப்படி ஊற்ற வேண்டும் என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஒரு கடை வாசல் படியில் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது மூட்டையால் இல்லை.

ஒரு வருஷம் முன்னாலேயே வெட்ட வேண்டும் என்றால், ஒரு வருஷம் முன்னாலேயே முடிவு செய்துவிட்டான் என்று அர்த்தம். வீட்டை விட்டுப் போகப்போகிறான். மரத்துக்குச் சொல்லிவிட்டான், செடிக்கடைக்காரருக்குச் சொல்லிவிட்டான், எனக்குச் சொல்லவில்லை. குளிர்காலம் முழுவதும் நான் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு மூச்சு விடவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அந்த மூட்டையைத் தூக்கித் தெருவில் கொட்டியிருப்பேன். கோபம் கொஞ்சம் இறங்கியதும் பயம் வந்தது. கோபத்தைவிட அதுதான் மோசம். அந்த வீட்டில் நான் தனியாக இருந்ததே இல்லை.

அன்று சாயங்காலமே ஜன்னலிலிருந்து கண்ணைக் கூர்மையாக்கிப் பார்த்தேன். மரத்தோடு பேசிக்கொண்டிருந்தவனின் காதில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. இயர்போன். என் தம்பி மரத்தோடு பேசவில்லை. மரத்துக்குப் பக்கத்தில் நின்று யாரோ ஒருத்தியோடு பேசிக்கொண்டிருந்தான். இது தெரியாமல் அவனுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்த என்னை எதால் அடிப்பது?

யார் என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. கண்ணாடிக் கடைக்கு வேறொரு ஊரில் கிளை இருக்கிறது. அங்கே கண் பரிசோதிக்கிற பெண் எழுதி அனுப்பும் அளவுகளுக்குத்தான் இவன் லென்ஸ் தேய்க்கிறான். நல்ல பெண், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எப்போதோ சாப்பிடும்போது சொல்லியிருந்தான். ஒருவர் கையெழுத்தைப் பற்றி அவனாக வாயைத் திறந்து சொன்னபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

சரி, நேருக்கு நேர் கேட்க வேண்டியதுதானே என்று தோன்றும். கேட்கத் தெரியாமல் இல்லை. என் தம்பியை எனக்குத் தெரியும். ஒரு தடை வந்தால் போதும், சரி விடு என்று உட்கார்ந்துவிடுவான். மோட்டார் சைக்கிள் வாங்க ஆசைப்பட்டான். மழையில எப்படிடா என்று நான் கேட்டதோடு சரி, மறுநாளிலிருந்து அந்தப் பேச்சே இல்லை, இன்றுவரை பஸ்ஸில்தான் போகிறான். நான் வாயைத் திறந்து, 'அப்போ நான்?' என்று இரண்டே வார்த்தை கேட்டால் போதும். இருந்துவிடுவான். முகத்தில் ஒன்றும் காட்டாமல், அந்த வெள்ளைக் கம்பியைக் காதிலிருந்து கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு, சாகிறவரைக்கும் இருப்பான்.

அந்த இரண்டு வார்த்தை தினமும் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லாமலிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கோடையில் கடைக்குப் புது மெஷின் வந்தது. அதைப் பழகிக்கொள்ள அவனை மூன்று வாரம் வெளியூருக்கு அனுப்பினார்கள். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றான்.

"அக்கா, மரத்துக்கு மட்டும் தண்ணி விட்டுடு. அந்த வட்டத்துக்குள்ள நல்லா ஊறணும்."

"என்னடா அந்த வட்டத்துல அப்படி விசேஷம்?"

"வேர் பிடிக்கும்."

"எதுக்குப் பிடிக்கணும்? இப்ப என்ன, பிடிக்காமலா நிக்குது?"

பெட்டியின் கைப்பிடியைச் சரி பார்த்தான். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிட்டான். எனக்கே காது குத்துகிறான்.

அந்த வருஷம் வெயில் கொளுத்தியது. முதல் நாள் வேலையிலிருந்து வந்து குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு மரத்தின் முன்னால் நின்றேன். திறக்கவில்லை. மரம் காய்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். வேறு யாராக இருந்தாலும் மரம் போனால் போகிறது என்று ஆள் மட்டும் கிளம்பிவிடுவார்கள். இவன் அப்படி இல்லை. மரமே பட்டுப்போச்சு, சரி விடு என்பான். நான் ஒரு பாவமும் செய்ய வேண்டாம். குழாயைத் திறக்காமலிருந்தால் போதும். வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

உள்ளே வந்து படுத்தேன். இரண்டு அறையிலும் விளக்கைப் போட்டே வைத்திருந்தேன். மறுநாளும் நின்றேன், அதற்கு மறுநாளும் நின்றேன். மண்ணில் விரலை விட்டால் தூளாக வந்தது. சலவைக்கூடத்தில் மடித்துக்கொண்டிருந்த போர்வையைப் பாதியில் போட்டேன். பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். குழாயை அடியில் போட்டு, நூல் மாதிரித் திறந்துவிட்டு, அவன் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். நன்றி கெட்டதே, குடி, நல்லாக் குடி, குடிச்சிட்டு அவனைக் கூட்டிட்டுப் போ என்று சொன்னேன். எதிர்வீட்டு டிரைவர் அவர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து மண் காயவே விடவில்லை.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. இரண்டாவது வாரத்தில் மரத்தின் தெருப்பக்கம் மங்கலாகிவிட்டது. ஊசிகளில் தூசி படிந்து, நடுநடுவே மெல்லிய நூலாம்படை தெரிந்தது. காய்ந்த வெயிலில் சிலந்திப்பேன் வரும், வெள்ளைத் தாளைப் பிடித்துக் கிளையைத் தட்டினால் தெரியும் என்று தம்பி சொல்லி அரைகுறையாகக் காதில் விழுந்திருந்தது. தாளுக்கு எங்கே போவது? தலையணை உறையை விரித்துப் பிடித்துத் தட்டினேன். பொட்டுப் பொட்டாக விழுந்தது. விழுந்த பொட்டெல்லாம் நடந்தது. இப்போது இது செத்தால், நான்தான் கொன்றேன் என்று ஆகிவிடும்.

வாழ்நாள் பூராவும் அழுக்கு எடுத்தவள் நான். அழுக்குக்கு என்ன செய்வேனோ அதைச் செய்தேன். ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் நல்ல சோப்பைக் கரைத்து, பஞ்சை முக்கி, அந்தத் தெருப்பக்கத்தைக் கிளை கிளையாக, மேலிருந்து கீழே, ஒரு ஊசி விடாமல் துடைத்தேன். கையெல்லாம் குத்து. பிறகு குழாயைப் பீய்ச்சி அலசினேன். மறுநாள் வெயிலில் உலர்ந்ததும் போய்ப் பார்த்தேன். பேன் ஒன்றுகூட இல்லை. நீலமும் இல்லை.

தெருப்பக்கம் முழுக்க வெறும் பச்சை. மற்ற பக்கம் நீலம். ஓடிப்போய்ச் செடிக்கடைக்காரருக்குப் போன் செய்தேன். அவர் குரல் அன்றைக்கு மட்டும் உயர்ந்தது.

"சோப்புப் போட்டுத் தேச்சீங்களா? அம்மா, அந்த நீலம்கிறது மேலே இருக்கிற மெழுகு. அதைப் போய்க் கழுவிட்டீங்களே."

"செத்துடுமா?"

"சாகாது. கழுவின ஊசி பச்சையாவே இருக்கும். அடுத்த துளிர் நீலமா வரும். ஆனா அது வர்ற வரைக்கும் பார்க்கிறவங்க சிரிப்பாங்க." அவரே முதலில் சிரித்தார்.

தம்பி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் மரத்தின் முன்னால் நின்றான். நான் வாசலில் நின்றேன். வேண்டுமென்றே செய்தேன் என்று நினைத்துவிட்டானானால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"என்னாச்சு?" என்றான்.

"தொவைச்சேன்."

அவன் முகம் ஒரு மாதிரி கோணிக்கொண்டு போனது. அழப்போகிறான் என்று நினைத்தேன். பெட்டியின் மேலேயே உட்கார்ந்து சிரித்தான். கண்ணில் நீர் வருகிற மாதிரி சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இப்போது சொல்வான், இதுதான் சமயம், சொல்லிவிடுவான் என்று நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இஸ்திரி போடல?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனான்.

வெயில் தணிந்தது. ஒரு சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் தட்டைப் பார்த்தபடி ஆரம்பித்தான்.

"அக்கா, மரத்தை எடம் மாத்தலாம்னு இருக்கேன்."

"எங்கே?"

"கொஞ்சம் தள்ளி."

"சுவர் ஓரமாவா?"

"இல்ல. இன்னும் கொஞ்சம் தள்ளி."

"எவ்வளவுடா தள்ளி?"

"வண்டியில ரெண்டு மணி நேரம்."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "மரம் தனியாப் போகுதா, கூட ஆள் யாராவது போறாங்களா?"

அதற்கப்புறம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். அந்தப் பெண்ணைப் பற்றி, அவளுக்கு அங்கே இருக்கும் சின்ன வீட்டைப் பற்றி, அந்த ஊர்க் கிளையில் அவனுக்கும் இடம் இருப்பதைப் பற்றி, அடுத்த மாதம் கல்யாணத்தை ரெஜிஸ்டர் செய்துகொள்வதைப் பற்றிச் சொன்னான். இத்தனை வருஷத்தில் அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. மனப்பாடம் செய்து வைத்திருந்தான் என்று தெரிந்தது, ஒரு இடத்தில் தடுக்கியபோது மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். "நீயும் அங்கேயே வந்துடு" என்று கடைசியில் சேர்த்தான். அதுவும் மனப்பாடத்தில் இருந்ததுதான்.

"எனக்கு இங்கே வேலை இருக்கு" என்றேன். "வேன் எப்போ வருது? எத்தனை பேர் சாப்பிட?"

அவன் நிமிர்ந்து என்னையே பார்த்தான். நான் கத்துவேன் என்று காத்திருந்தான். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேன் வந்தது. செடிக்கடைக்காரர் சாக்கு, கயிறு, பலகை எல்லாம் கொண்டுவந்தார். அந்தப் பெண்ணும் வந்தாள். கண் பரிசோதிக்கிறவள் கண்ணாடி போட்டிருக்கவில்லை, எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒன்றைக் கழற்றிவிட்டு நின்றாள். "அண்ணி, அந்தப் பச்சைப் பக்கம் எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள். பொய் சொல்லத் தெரியாத பெண். இவனுக்குச் சரியாகத்தான் இருக்கும்.

கிளைகளைத் துணியால் மேல்நோக்கிச் சேர்த்துக் கட்டினார்கள். பழைய வட்டத்துக்கு வெளியே பள்ளம் தோண்டி, அடியில் மண்வெட்டியைச் சரித்து விட்டு, மெல்ல மெல்ல மரத்தை அசைத்தார்கள். மண் உருண்டை பிரிந்து வந்ததும் செடிக்கடைக்காரர் முழங்காலிட்டுக் குனிந்து பார்த்தார். உருண்டையைச் சுற்றிலும் வெளிறிய மயிர் வேர்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடந்தன. ஒரு பிடி மண்கூட உதிரவில்லை.

"இவ்வளவு வேரை நான் எதிர்பார்க்கல" என்றார். "தம்பி, நீங்க அக்காவுக்குத்தான் கும்பிடு போடணும். குளிர் முடிஞ்ச உடனேயே கடைக்கு வந்து, எடுக்கறதுக்கு முன்னாடி எவ்வளவு தண்ணி விடணும், எப்படி விடணும்னு ஒண்ணு விடாம கேட்டுட்டுப் போனாங்க. அதான் இப்படி நிக்குது."

தம்பி கையில் கயிற்றோடு அப்படியே நின்றான். என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

சாக்கில் கட்டியதும் தூக்க வேண்டியிருந்தது. நல்ல கனம். சாக்குக்கு நாலு முனை, அவர்கள் மூன்று பேர். நாலாவது முனையை நான் பிடித்தேன். வேறு யார் பிடிப்பார்கள்? பலகையின் மேல் இழுத்து வேனுக்குள் ஏற்றினோம். ஊசிகள் என் கழுத்தில் கீறின.

கை கழுவச் சமையலறைக்குப் போனேன். தம்பி பின்னாலேயே வந்தான். நான் நகர்ந்து இடம் விட்டேன். குழாயைத் திறந்துவிட்டு, கையை நீட்டிக்கொண்டு, கழுவாமலே நின்றான்.

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"நீ ஏன்டா சொல்லல?"

"பயமா இருந்துச்சு" என்றான். "நீ கத்துவியோன்னு இல்ல. கத்தினா பரவாயில்ல. போகாதேன்னு சொல்லிடுவியோன்னு பயந்துட்டே இருந்தேன்."

"சொல்லியிருந்தா?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வேனின் கதவை யாரோ சாத்தினார்கள். அவன் பொய் சொல்லத் தெரிந்தவன் இல்லை, பேசாமலிருக்கத்தான் தெரிந்தவன். அன்றைக்கு அதுவும் அவனால் முடியவில்லை.

"இருந்திருப்பேன்" என்றான்.

"தெரியும்டா. அதனாலதான் சொல்லல."

அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன். கையை எட்டிக் குழாயை மூடினேன்.

"வேன் நிக்குது" என்றேன். "போ."